அம்மா இறந்தது தெரியாமல் செய்த ஜெபம்

ஓசூரில் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்க்கும் 38 வயது வாசகர் ஒருவர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். சொந்த ஊர் பாலக்கோடு பக்கம். அப்பா முன்பே காலமாகிவிட்டார். அம்மா தம்பி வீட்டில் இருந்தார். போன வருஷம் இவர் இரவு ஷிப்டில் இருந்தபோது அம்மாவுக்கு மாரடைப்பு வந்திருக்கிறது. வேலைக்குள் போனால் போனை லாக்கரில் வைத்துவிட வேண்டும் என்பது அங்கே விதி. காலை 6 மணிக்கு வெளியே வந்து பார்த்தால் 11 மிஸ்டு கால். தம்பியைக் கூப்பிட்டால், "அம்மாவுக்கு சீரியஸா இருக்கு, உடனே கிளம்பி வா" என்று மட்டும் சொல்லியிருக்கிறார். இவர் பஸ் ஏறி, ராயக்கோட்டை வழியாக ஊர் போய்ச் சேரும்வரை கண்ணை மூடி ஒரே ஜெபம்: "கர்த்தாவே, அம்மாவைக் காப்பாற்றும்." வீட்டு வாசலில் பந்தலைப் பார்த்த பிறகுதான் தெரிந்திருக்கிறது, அம்மா அதிகாலை 3.40-க்கே போய்விட்டார் என்று.

துக்கம் கேட்க வந்த சபை மூப்பர் ஒருவர், எல்லோர் முன்னிலும், "நேரத்தோடே முழங்கால் போட்டிருந்தால் அம்மா பிழைத்திருப்பார்கள். இது காலம் கடந்த ஜெபம்" என்று சொல்லிவிட்டார். மைத்துனரோ, "கடவுளுக்கு எல்லாம் முன்கூட்டியே தெரியும். எழுதியது நடந்தது. ஜெபம் பண்ணினாலும் ஒன்றுதான், பண்ணாவிட்டாலும் ஒன்றுதான்" என்கிறார். அன்றிலிருந்து இவர் ஜெபிக்கவில்லை. இதற்கு நடுவே பத்து வயது மகள், ஞாயிறு பள்ளியில் "கடவுளை யார் உண்டாக்கினது?" என்று கேட்டு, அப்படியெல்லாம் கேட்கக் கூடாது என்று அடக்கப்பட்டிருக்கிறாள். வீட்டில் இன்னொரு கேள்வியும் கேட்டிருக்கிறாள்: "கடவுள் அநாதையா அப்பா? பாட்டுல அநாதி தேவன்னு வருதே." இப்போது முதலாம் ஆண்டு நினைவு ஜெபம் வருகிறது. கத்தோலிக்கக் குடும்பத்தைச் சேர்ந்த மனைவி, அம்மாவுக்காக ஒரு பூசை வைக்கலாம் என்கிறார். "என் ஜெபம் வீண்தானா? நினைவு நாளுக்குப் போகாமல் இருந்துவிடட்டுமா?" என்று கேட்டு முடித்திருக்கிறார்.

அன்புள்ள தம்பி,

உங்கள் கடிதத்தில் ஒரு வரியிலேயே நான் வெகுநேரம் நின்றுவிட்டேன். அந்த 11 மிஸ்டு காலையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்திருக்கிறேன், 3.05-இல் தொடங்குகிறது, இரவில் அடிக்கடி எடுத்துப் பார்க்கிறேன் என்று எழுதியிருந்தீர்களே, அந்த வரி. கிருஷ்ணகிரியிலும் தருமபுரியிலும் பல ஆண்டுகள் சபை ஊழியத்திலும் ஆற்றுப்படுத்தும் பணியிலும் இருந்தவன் நான். தூரத்தில் வேலை பார்க்கும் பிள்ளைகளிடம் இந்த ஒரே துக்கத்தைத் திரும்பத் திரும்பப் பார்த்திருக்கிறேன். பெங்களூரிலிருந்து, ஓசூரிலிருந்து, திருப்பூரிலிருந்து, "சீரியஸ்" என்ற ஒரு சொல்லை நம்பி ஓடி வருவார்கள். அந்தச் சொல்லைச் சொன்னதற்காகத் தம்பி மேலும் உங்களுக்குக் கோபம் இருப்பது தெரிகிறது. நம் ஊரில் அது ஏமாற்று இல்லை, வழக்கம். வழியில் அண்ணன் உடைந்துபோகக் கூடாதே என்று, பக்கத்தில் அம்மாவின் உடலை வைத்துக்கொண்டு, குரலை அடக்கிப் பேசியிருக்கிறார். அவரும் அன்று அம்மாவை இழந்தவர்தான்.

சரி, கேள்விக்கு வருகிறேன்.

நித்தியம் என்பது நீண்ட ஆயுள் இல்லை

கடவுள் நித்தியமானவர் என்றால் நம்மில் பலருக்கும் மனதில் வருவது ரொம்ப ரொம்ப வயதான ஒருவர்தான். நம் மண்ணிலேயே இதற்கு ஒரு நல்ல உதாரணம் இருக்கிறது. தகடூரை, அதாவது இன்றைய தருமபுரியை, ஆண்ட அதியமான் நெடுமான் அஞ்சி, நீண்ட ஆயுள் தரும் நெல்லிக்கனியைத் தான் உண்ணாமல் ஔவைக்குக் கொடுத்த கதை புறநானூற்றில் 91-ஆம் பாட்டாக இருக்கிறது. அருமையான கொடை. ஆனாலும் அந்தக் கனி தருவது இன்னும் கொஞ்சம் காலம். நூறு வருஷம் ஆயிரமானாலும் அது காலத்துக்குள் ஓடுகிற வாழ்வுதான், நேற்று கையை விட்டுப் போயிருக்கும், நாளை இன்னும் வந்திருக்காது.

வேதம் கடவுளைப் பற்றிச் சொல்வது வேறு. மோசேயின் ஜெபம் என்று தலைப்பிட்ட 90-ஆம் சங்கீதம், "பர்வதங்கள் தோன்றுமுன்னும், நீர் பூமியையும் உலகத்தையும் உருவாக்குமுன்னும், நீரே அநாதியாய் என்றென்றைக்கும் தேவனாயிருக்கிறீர்" என்கிறது. கிருஷ்ணகிரியைச் சுற்றி நிற்கும் பாறைகள் ஏறக்குறைய 250 கோடி ஆண்டுகளுக்கு முன் உருவானவை என்று புவியியலாளர்கள் கணிக்கிறார்கள். அந்தக் கல்லைத்தான் நாம் அறுத்து, மெருகேற்றிக் கல்லறைக்கு வைக்கிறோம். அதற்கும் ஒரு தொடக்கம் உண்டு. கடவுளுக்கு இல்லை. எரியும் முட்செடியின் நடுவிலிருந்து கடவுள் மோசேக்குச் சொன்ன பெயரும் "இருக்கிறவராக இருக்கிறேன்" என்பதுதான். இருந்தவர், இருக்கப்போகிறவர் என்று பிரிக்க முடியாத ஓர் இருப்பு.

ஐந்தாம் நூற்றாண்டின் கடைசியில் ரோமில் பிறந்த போயத்தியஸ் என்பவர், பெரும் பதவியிலிருந்து விழுந்து, சுமார் 524-இல் மரண தண்டனைக்குக் காத்திருந்த சிறையில் இதைப் பற்றி எழுதினார். முடிவில்லாத வாழ்வை முழுமையாக, ஒரே சமயத்தில், குறைவின்றிக் கொண்டிருப்பதுதான் நித்தியம் என்பது அவர் கருத்து. "ஒரே சமயத்தில்" என்ற சொல்லைப் பிடித்துக்கொள்ளுங்கள். உங்கள் கேள்விக்கு அதுதான் சாவி.

அந்த பஸ்ஸில் செய்த ஜெபம்

மூப்பர் சொன்ன "காலம் கடந்த ஜெபம்" என்பதில் ஓர் எண்ணம் ஒளிந்திருக்கிறது. கடவுளும் நம்மைப் போலவே கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார், 3.40-க்கு அவர் கையில் உங்கள் ஜெபம் இல்லை, 6.30-க்குத்தான் வந்து சேர்ந்தது, அதற்குள் காரியம் முடிந்துவிட்டது என்று. இது தபால் ஆபீஸ் கணக்கு. நித்தியமான கடவுளுக்கு இது பொருந்தாது.

அவர் பார்வையில் உங்கள் அம்மாவின் கடைசி மூச்சும், ராயக்கோட்டை தாண்டும்போது முன் சீட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நீங்கள் அழுததும், முன்னே பின்னே என்று வரிசையில் நிற்பவை அல்ல. இரண்டும் அவர் முன்னால் இருக்கின்றன. ஏசாயா 65-ஆம் அதிகாரத்தில் இப்படி ஒரு வாக்கு இருக்கிறது: "அவர்கள் கூப்பிடுகிறதற்குமுன்னே நான் மறுஉத்தரவு கொடுப்பேன்." கூப்பிடுவதற்கு முன்னே எப்படிப் பதில் கொடுக்க முடியும்? கூப்பிடுதல் அவருக்கு ஏற்கெனவே தெரிந்திருந்தால்தான் முடியும்.

இங்கே நேர்மையாக ஒன்றைச் சொல்ல வேண்டும். கடவுள் காலத்துக்கே வெளியே இருக்கிறார் என்பது அகஸ்டின், போயத்தியஸ், தாமஸ் அக்குவினாஸ் என்ற கிறிஸ்தவ அறிஞர்கள் வழியாக வந்த பழைய போதனை. கடவுள் காலத்தோடு சேர்ந்து, தொடக்கமும் முடிவும் இல்லாமல் இருக்கிறார் என்று சொல்லும் கிறிஸ்தவ அறிஞர்களும், குறிப்பாக இந்தக் காலத்தில், இருக்கிறார்கள். ஆனால் அவர்களிலும் பெரும்பாலோர் ஒத்துக்கொள்ளும் விஷயம், நாளை நாம் என்ன ஜெபிப்போம் என்பது இன்றே அவருக்குத் தெரியும் என்பது. ஆகவே எந்தப் பக்கம் நின்று பார்த்தாலும், அந்த அதிகாலையில் அம்மாவோடு அவர் இருந்தபோது, மூத்த மகன் இன்னும் சில மணி நேரத்தில் என்ன கேட்டுக் கதறப் போகிறான் என்பதை அறிந்தவராகவே இருந்தார். உங்கள் ஜெபம் பிந்தவில்லை.

அப்படியானால் ஏன் காப்பாற்றவில்லை என்று கேட்பீர்கள். எனக்கு அதற்குப் பதில் தெரியாது. தெரியும் என்று யாராவது சொன்னால் கொஞ்சம் தள்ளி நில்லுங்கள். ஜெபம் கேட்கப்பட்டது என்பதும் கேட்டபடியே கிடைத்தது என்பதும் வேறு வேறு. தாவீது ராஜா தன் குழந்தைக்காக ஏழு நாள் தரையில் கிடந்து உபவாசித்தார். குழந்தை பிழைக்கவில்லை. தாவீது நேரத்தோடே முழங்கால் போட்டவர்தானே? மூப்பரின் கணக்கு அங்கேயே உடைந்துபோகிறது.

இதை அளவுக்கு மேல் இழுக்கவும் வேண்டாம். நடந்தது தெரிந்த பிறகு, அதை நடக்காததாக்கும்படி கேட்பதில் பொருள் இல்லை. குழந்தை இறந்தது தெரிந்ததும் தாவீது எழுந்து, முகம் கழுவி, சாப்பிட்டார். உங்களுக்கு அந்த பஸ்ஸில் எதுவும் தெரியாது. தெரியாமல், முழு மனதோடு கேட்டீர்கள். அது உண்மையான ஜெபம்.

மைத்துனருக்கு என்ன சொல்வது

கடவுளுக்கு முன்பே தெரியும் என்றால் அது தலையெழுத்து என்று மைத்துனர் முடிவு கட்டுகிறார். தெரிந்திருப்பதும் நடக்கவைப்பதும் ஒன்று என்று நினைப்பதால் வருகிற குழப்பம் இது. தாமஸ் அக்குவினாஸ் 13-ஆம் நூற்றாண்டில் இதற்கு ஓர் உவமை சொன்னார். சாலையில் நடப்பவனுக்குத் தனக்குப் பின்னால் வருகிறவர்கள் தெரிவதில்லை. உயரத்தில் நின்று முழுச் சாலையையும் பார்ப்பவருக்கு எல்லோரும் ஒரே சமயத்தில் தெரிகிறார்கள்.

கிருஷ்ணகிரிக் கோட்டை மலை மேல் ஏறியிருக்கிறீர்களா? பெங்களூர், சென்னை, சேலம் சாலைகள் கூடுகிற இடம் கீழே விரிந்து கிடக்கும். மாங்காய் ஏற்றிய லாரியில் இருப்பவனுக்கு முன்னால் போகும் வண்டியின் பின்பக்கம் மட்டும்தான் தெரியும். மேலே நிற்பவருக்கு அந்த லாரியும், அது இன்னும் போய்ச் சேராத திருப்பமும் ஒன்றாகத் தெரியும். அவர் பார்ப்பதால் டிரைவர் ஸ்டியரிங்கைத் திருப்பவில்லை. டிரைவர் திருப்புகிறார், அவர் பார்க்கிறார். உவமை முழுசாகப் பொருந்தாதுதான். மலை மேல் நிற்பவரின் கையிலும் கடிகாரம் ஓடுகிறது, அவர் சாலையைப் போட்டவரும் இல்லை. கடவுளுடைய முன்னறிவுக்கும் அவருடைய தீர்மானத்துக்கும் என்ன உறவு என்பதில் சபைகளுக்குள் பழைய விவாதம் உண்டு. ஆனாலும் "எழுதியாச்சு, இனி வாயைத் திறக்காதே" என்று எந்தச் சபையும் போதிக்கவில்லை. "நீங்கள் வேண்டிக்கொள்ளுகிறதற்கு முன்னமே உங்களுக்கு இன்னது தேவை" என்று பிதா அறிவார் எனச் சொன்ன இயேசு, அடுத்த மூச்சிலேயே "நீங்கள் ஜெபம்பண்ணவேண்டிய விதமாவது" என்று தொடங்குகிறார். தெரிந்தவரிடம்தான் பேசச் சொல்கிறார்.

இன்னொன்று. மாறாதவர் என்றால் கல் போன்றவர் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். லாசரு வியாதியாய் இருக்கிறான் என்று ஆள் வந்து சொன்ன பிறகும் இயேசு இருந்த இடத்திலேயே இரண்டு நாள் தங்கினார். அவர் வந்து சேர்ந்தபோது லாசருவைக் கல்லறையில் வைத்து நாலு நாள் ஆகியிருந்தது. மார்த்தாள், மரியாள் என்ற அக்கா தங்கை இருவரும் தனித்தனியாக அவரிடம் சொன்னது ஒரே வாக்கியம்: "ஆண்டவரே, நீர் இங்கே இருந்தீரானால் என் சகோதரன் மரிக்கமாட்டான்." வேதத்தில் மிஸ்டு காலின் வலியை இதைவிட நெருக்கமாகச் சொன்ன இடம் எனக்குத் தெரியாது. அவர் அவர்களைக் கண்டிக்கவில்லை. இன்னும் கொஞ்ச நேரத்தில் லாசருவை எழுப்பப் போகிறார் என்று தெரிந்தும் கண்ணீர் விட்டார். "ஆபிரகாம் உண்டாகிறதற்கு முன்னமே நான் இருக்கிறேன்" என்று சொன்னவரும் இவர்தான். கிறிஸ்தவர்கள் நம்பும் நித்தியம், ஒரு குறிப்பிட்ட நாளில், ஒரு குறிப்பிட்ட ஊரில், துக்கத்தில் இருந்தவர்கள் நடுவே நின்று அழுத நித்தியம். நீங்களும் அந்த அக்கா தங்கை போல நேராகக் கோபத்தோடே பேசலாம். "நீர் எங்கே இருந்தீர்?" என்பதும் ஜெபம்தான்.

மகளின் கேள்விகள்

உங்கள் மகளை எனக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. அவள் கேட்டது தப்பே இல்லை என்று முதலில் அவளிடம் சொல்லுங்கள்.

தொடக்கம் உள்ள பொருளுக்குத்தான் அதை உண்டாக்கியவர் வேண்டும். கடவுளுக்குத் தொடக்கமே இல்லை. அவர் தன்னைத்தானே உண்டாக்கிக்கொண்டார் என்றும் சொல்லிவிடாதீர்கள், அது தவறு. "அதுக்கு முன்னாடி கடவுள் என்ன பண்ணிட்டிருந்தார்?" என்று நிச்சயம் அடுத்து கேட்பாள். சுமார் 400-ஆம் ஆண்டிலேயே அகஸ்டினிடம் இந்தக் கேள்வி இருந்தது. காலத்தையும் கடவுள்தான் படைத்தார், ஆகவே படைப்புக்கு முன் "அப்போது" என்ற ஒன்றே இல்லை என்றார். பத்து வயதுப் பிள்ளைக்கு, "காலண்டரையே கடவுள்தான் செய்தார், அதனால் காலண்டரில் அவருக்குப் பிறந்தநாள் கிடையாது" என்றால் போதும். அப்படியானால் கிறிஸ்துமஸ் என்ன என்பாள். இயேசு மனிதராகப் பிறந்தது அன்று. குமாரனாக அவருக்குத் தொடக்கம் கிடையாது. "அவர் இல்லாதிருந்த ஒரு பொழுது உண்டு" என்று ஆரியஸ் என்ற குருவின் பக்கத்தார் சொன்னதை மறுக்கத்தான் 325-இல் நைசியா நகரில் ஆயர்களின் சங்கம் கூடி, நாம் இன்றும் ஆராதனையில் சொல்லும் விசுவாசப் பிரமாணத்துக்கு அடித்தளம் போட்டது.

அப்புறம், அநாதையும் அநாதியும். காதுக்கு ஒன்று போலக் கேட்டாலும் சொல் வேறு. ஆதி இல்லாதது அநாதி. நாதன், அதாவது காப்பவர், இல்லாதவர் அநாதை. ஆனால் அவள் ஏன் அந்தக் கேள்வியைக் கேட்டாள் என்று யோசித்தீர்களா? அப்பாவும் இல்லை, அம்மாவும் இல்லை, நான் அநாதையாகிவிட்டேன் என்று நீங்கள் ஒருநாள் சொன்னதை எழுதியிருக்கிறீர்கள். அவள் கேட்டது கடவுளைப் பற்றி மட்டும்தானா என்று எனக்குச் சந்தேகம். உபாகமம் 33-ஐ அவளோடு சேர்ந்து வாசியுங்கள்: "அநாதி தேவனே உனக்கு அடைக்கலம்; அவருடைய நித்திய புயங்கள் உனக்கு ஆதாரம்." புயம் என்றால் தோள், கை. அநாதையான அப்பாவை அநாதியானவரின் கை தாங்குகிறது என்று அவளே கண்டுபிடிக்கட்டும்.

இனி செய்ய வேண்டியவை

நினைவு ஜெபத்துக்குப் போகாமல் இருக்க உங்களுக்கு உரிமை உண்டு. ஆனால் அன்று ஓசூர் அறையில் தனியே உட்கார்ந்திருந்தால் அந்த ஸ்கிரீன்ஷாட்தான் துணைக்கு இருக்கும். என் யோசனை, போங்கள். முன்கூட்டியே போதகரைத் தனியாகப் பார்த்து, மூப்பர் சொன்னதையும் அது உங்களை என்ன செய்தது என்பதையும் சொல்லுங்கள். அன்றைய கூட்டத்தில் மூப்பர் பேச வேண்டாம் என்று கேட்டுக்கொள்வது அவமரியாதை ஆகாது. மூப்பரோடு நேரில் மோதுவதைத் தள்ளிப்போடுங்கள். துக்கத்தில் இருக்கும்போது பேசிய பேச்சு ஊருக்குள் நிற்கும். வேறு சபைக்கு மாறுவதென்றாலும் இந்த வருஷம் வேண்டாம்.

பூசை விஷயத்தில் சபைகளின் போதனை வேறுபடுகிறது என்பது உண்மை. கத்தோலிக்கர் இறந்தோருக்காக ஜெபிக்கிறார்கள். பெரும்பாலான சீர்திருத்த (புராட்டஸ்டன்ட்) சபைகள், இறந்தவர் கடவுளின் கையில் இருக்கிறார், நன்றி சொல்வதே போதும் என்கின்றன. உங்கள் மனசாட்சி இடம் கொடுக்கும் அளவுக்குப் பங்கு எடுங்கள். உங்களால் அந்த ஜெபத்தைச் சொல்ல முடியாவிட்டாலும், மனைவி சொல்லும்போது பக்கத்தில் உட்காரலாமே. மாமியார் மேல் உள்ள பாசத்தில்தான் அவர் கேட்கிறார்.

உடம்பையும் கவனியுங்கள். லீவு நாளிலும் மூன்று மணிக்கு விழிப்பு வருகிறது, போன் அடித்தாலே நெஞ்சு படபடக்கிறது என்கிறீர்கள். ஒரு வருஷமாகியும் இது குறையவில்லை என்றால் மனநல மருத்துவரைப் பார்க்க வேண்டும். விசுவாசக் குறைவு என்று யாரும் சொன்னால் காதில் வாங்க வேண்டாம். தருமபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் பார்க்கலாம். 14416 என்ற டெலி மானஸ், அதாவது அரசின் மனநல உதவி எண்ணில் எந்த நேரமும், இரவு ஷிப்ட் முடிந்த கையோடு கூட, கட்டணமில்லாமல் தமிழில் பேசலாம். தொழிற்சாலை கேட்டில் செக்யூரிட்டிக்கு ஒரு நம்பர் இருக்கும். அதை வாங்கி மனைவியிடமும் தம்பியிடமும் கொடுத்து வையுங்கள். இன்னொரு அவசரம் வந்தால் ஆள் உள்ளே வந்து கூப்பிடட்டும்.

அந்த ஸ்கிரீன்ஷாட்டை அழித்துவிடச் சொல்ல மாட்டேன். மனைவியின் போனுக்கு அனுப்பிவிட்டு, உங்கள் போனிலிருந்து மட்டும் எடுத்துவிடுங்கள். பார்க்க வேண்டும் போல் இருந்தால் அவரிடம் கேட்டு, அவர் பக்கத்தில் இருக்கும்போது பாருங்கள். நினைவு நாளுக்கு ஊருக்குப் போகும்போது மகளையும் கூட்டிக்கொண்டு அதே ராயக்கோட்டை வழி பஸ்ஸில் போங்கள். ஜன்னலோரம் அவளை உட்கார வைத்துவிட்டு, அன்று எந்த இடத்தில் என்ன ஜெபித்தீர்கள் என்று அவளுக்குச் சொல்லுங்கள்.